பூட்டு டீச்சரும் பதினைந்து கேள்விகளும்

ஆறாம் வகுப்பு 'அ' பிரிவின் கணக்கு டீச்சருடைய அலமாரியில் இரண்டு பூட்டுகள் தொங்கும். மேல் பூட்டின் சாவி கைப்பையில் இருக்கும். கீழ்ப் பூட்டின் சாவி எங்கே இருக்கும் என்பது அவருடைய கணவருக்கே தெரியாது. உள்ளே தங்கமோ வைரமோ இல்லை. பதினாறு வருஷத்துக் கேள்வித்தாள்களும் ஒரு டப்பா கலர் சாக்பீஸும்தான். ஆனாலும் ஆசிரியர் அறையில் யாராவது பலமாகத் தும்மினால் டீச்சரின் கண் அலமாரியைத் தொட்டுவிட்டு வரும். பிள்ளைகள் அவருக்குப் 'பூட்டு டீச்சர்' என்று பேர் வைத்தார்கள். முதலில் வைத்தவன் யார் என்று அவர் ஒரு மாதம் விசாரித்தார். கிடைக்கவில்லை. அதனால் முப்பத்தெட்டுப் பேர் மேலும் சந்தேகம் நின்றது.

அந்த வருஷம் அரையாண்டுத் தேர்வில் வந்தது வினை. முதல் தடவையாகக் கேள்வித்தாள் வெளியிலிருந்து வந்தது. முப்பத்தெட்டில் இருபத்தொன்பது பேர் தசமக் கணக்கில் குப்புற விழுந்தார்கள். இதே இருபத்தொன்பது பேர், டீச்சர் வைத்த தேர்வில் பதினைந்துக்குப் பதினைந்து வாங்கியவர்கள்.

தலைமை ஆசிரியர் எதைப் பேசினாலும் "இப்போ பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். எதைப் பார்க்க வேண்டும் என்று கடைசி வரை காட்ட மாட்டார்.

"இப்போ பாருங்க டீச்சர், நான் ஒண்ணும் சொல்லல. பேப்பர் சொல்லுது."

"பேப்பரை யார் சார் திருத்துனது?"

"வெளி ஸ்கூல்ல."

"அவங்க கையில இருந்த விடைக்குறிப்பு சரியா?"

"டீச்சர்!"

"கேட்டேன் சார். அவ்வளவுதான்."

"இப்போ பாருங்க. அடுத்த மாசம் திருப்புதல் தேர்வு. அதுக்கும் பேப்பர் வெளியிலிருந்துதான் வரும். அதுலயும் இப்படின்னா, 'அ' பிரிவைப் புது டீச்சர் எடுக்கட்டும். நீங்க நூலகத்தைப் பாத்துக்கங்க. அமைதியா இருக்கும்."

நூலகம் என்றால் கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்த அறை. அதற்குப் பூட்டே தேவையில்லை. யாரும் வர மாட்டார்கள்.

புது டீச்சர் பக்கத்து 'ஆ' பிரிவுக்குக் கணக்கு எடுப்பவள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். "உங்க வகுப்புல பின்னாடி உக்காந்து பாக்கட்டுமா டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இரண்டு தடவையும் ஒரே பதில்: "பின்னாடி பெஞ்சு ஆடும்மா. விழுந்து வெச்சுடுவே." அவள் ஏன் கேட்டாள் என்பது இப்போது விளங்கிவிட்டதாக டீச்சர் நினைத்தார். இடம் பார்த்து வைத்திருக்கிறாள்!

அடுத்த வாரமே ஓர் உத்தரவு வந்தது. ஊரின் மறுகோடியில் உள்ள கல்லூரியில் கணக்கு, அறிவியல், மொழி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் கல்வி மாநாடு. பூட்டு டீச்சர் போக வேண்டும். அந்த இரண்டு நாளும் 'அ' பிரிவைப் புது டீச்சர் பார்த்துக்கொள்வார். டீச்சர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து, தலைமை ஆசிரியரின் கையெழுத்து பழைய கையெழுத்து மாதிரியே இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார்.

கணவர் பஸ் கண்டக்டர். சாப்பிடும்போது டீச்சர் அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"என்னை ரெண்டு நாள் அப்புறப்படுத்துறாங்க. நாற்காலி சூடு ஆறுறதுக்குள்ள அவளை உக்கார வெக்கத்தான்."

"ஏம்மா, ஜன்னல் பக்கம் தூங்கற மாதிரி நடிக்கிறவனைக்கூட நான் இப்படிச் சந்தேகப்பட்டதில்ல."

"டிக்கெட்டைக் காட்டுன்னு எழுப்புறீங்க இல்ல?"

"அது என் வேலை."

"இது என் வேலை."

மாநாட்டு வாசலில் ஒரு பை கொடுத்தார்கள். அதிலிருந்த பேனா எழுதுகிறதா என்று அங்கேயே கிறுக்கிப் பார்த்துவிட்டு, வெளியேறும் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் பேச்சாளர், "ஆகவே நண்பர்களே..." என்று தொடங்கினார். எதற்கு ஆகவே என்று யாருக்கும் புரியவில்லை. இரண்டாமவர் எல்லாரையும் எழுப்பி நிறுத்தி, "இடது பக்கத்து நண்பரைப் பாத்து, நீங்க அற்புதமான ஆசிரியர்னு சொல்லுங்க!" என்றார். டீச்சரின் இடது பக்கம் கதவுதான் இருந்தது. மூன்றாமவரின் கணினி படம் காட்ட மறுத்தது. "இதோ வந்துடும்... இதோ வந்துடும்..." என்றபடியே அவர் அரை மணியை ஓட்டினார். இந்நேரம் 'அ' பிரிவில் மூன்றாவது பீரியட். அவள் கரும்பலகையில் என்ன எழுதிக்கொண்டிருக்கிறாளோ!

மதியம் எட்டு எட்டுப் பேராக மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். 'வகுப்பில் நீங்கள் தோற்றுப்போன ஒன்றைச் சொல்லுங்கள்' என்பது வேலை. தோல்வியைச் சொல்ல ஆசிரியர்களுக்கா தெரியாது? அறிவியல் ஆசிரியர் தொண்டையைச் செருமினார்.

"என் பிரச்சினை என்னன்னா, பசங்க ரொம்பக் கேள்வி கேக்கறாங்க. பாடத்தைத் தாண்டிப் போயிடறாங்க. என்னால நிறுத்தவே முடியல."

மொழி டீச்சர் விடவில்லை. "எனக்கும் அதே கஷ்டம்தான் சார். பெல் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டேங்கறாங்க. இன்னும் சொல்லுங்க மிஸ், இன்னும் சொல்லுங்க மிஸ்னு..."

ஆறாவது ஆளாக ஒருவர். சட்டைப்பை முழுக்கச் சாக்பீஸ் தூள், விரலெல்லாம் வெள்ளை. சாக்பீஸ் வாத்தியார் என்றே அவரை வைத்துக்கொள்வோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"0.6, 0.45. எது பெருசுன்னு கேட்டா, என் பசங்க 0.45-ங்கறாங்க. ஆறை விட நாப்பத்தஞ்சு பெருசு இல்லையா சார்னு என்னையே கேக்கறாங்க. மூணு வருஷமா தலைகீழா நின்னு பாத்துட்டேன். தோத்துட்டேன்."

இந்த மனுஷன் நிஜத்தையே சொல்லிவிட்டாரே!

பூட்டு டீச்சருக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இந்தத் தப்பை அவர் எப்போதோ விரட்டிவிட்டார். 'புள்ளிக்குப் பின்னால இலக்கம் கூடக் கூடத் துண்டு பொடியாகும்டா' என்று சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றி, அதைச் சோதிக்கப் பதினைந்து கேள்விகளும் செதுக்கி வைத்திருந்தார். அந்தத் தாள் இப்போதும் கைப்பையில்தான். அலமாரியில் விட்டுவிட்டு வர அவர் என்ன பைத்தியமா?

இடைவேளையில் சாக்பீஸ் வாத்தியார் இரண்டு கையிலும் டீயோடு பின்னாலேயே வந்தார்.

"நீங்க மட்டும் ஒண்ணுமே சொல்லலையே டீச்சர். சிரிச்ச மாதிரி வேற இருந்துச்சு."

"நீங்க எந்த ஸ்கூல்? உங்களை யார் அனுப்புனா?"

"எங்க எச்.எம். தான். ஏன்?"

"அவருக்கும் எங்க எச்.எம்.முக்கும் பழக்கமா?"

"எங்க எச்.எம்.முக்கு என்னையே சரியாப் பழக்கமில்ல டீச்சர்."

டீச்சர் டீயை வாங்கிக்கொண்டார்; வாத்தியார் தன் டம்ளரில் ஒரு வாய் குடிக்கும் வரை காத்திருந்து, பிறகு குடித்தார். தன்னிடம் மருந்து இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் தொண்டை வெடித்துவிடும்போல இருந்தது. தாளை வெளியே எடுத்தார். ஆனால் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பதினஞ்சு கேள்வி. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு எண், எது பெருசுன்னு. என் வகுப்புல முப்பத்தெட்டுப் பேரும் முழு மார்க். ஆனா காட்ட மாட்டேன்."

"காட்ட வேணாம். எண்ணையும் சொல்ல வேணாம். இடது பக்கம் புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம், வலது பக்கம் எத்தனை. அது போதும்."

இதில் என்ன களவு போய்விடும்? டீச்சர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் போகாது.

"முதல் கேள்வி. இடது ஒண்ணு, வலது ரெண்டு."

"இடதுதான் பெருசு."

சரி. குருட்டு அதிர்ஷ்டம்.

"ரெண்டாவது. இடது மூணு, வலது ஒண்ணு."

"வலது."

"மூணாவது. ரெண்டு, மூணு."

"இடது."

எட்டாவது கேள்வியில் டீச்சரின் குரல் மெலிந்தது. பதினைந்தும் முடிந்தபோது ஒன்றுகூடத் தப்பில்லை. ஓர் எண்ணைக்கூடப் பார்க்காமல் அந்த மனுஷன் முழு மார்க் வாங்கிவிட்டார்!

"இந்தப் பேப்பரை எங்க பாத்தீங்க?" டீச்சர் தாளைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "யார் குடுத்தா? அந்தப் பொண்ணா?"

"எந்தப் பொண்ணு? நான் பாக்கவே இல்ல டீச்சர். இலக்கம் கம்மியா இருக்கறதைச் சொன்னேன். உங்க பேப்பர்ல எல்லாத்துலயும் குட்டையானதுதான் பெருசு."

"அப்படித்தான் இருக்கணும். நீளமா இருந்தா பெருசுன்னு நினைக்கிறவனைப் பிடிக்கறதுக்குத்தானே இந்தப் பேப்பர்."

"அவனைப் பிடிச்சிட்டீங்க. குட்டையா இருந்தா பெருசுன்னு நினைக்கிறவனை?"

டீச்சர் தாளை மடித்துப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அரையாண்டுத் தாளில் வந்த கேள்வி கண்முன் நின்றது: 0.3, 0.45. இருபத்தொன்பது பேரும் 0.3 என்று எழுதியிருந்தார்கள். ஆனாலும் இந்த ஆளை எப்படி நம்புவது? பேச்சு சாதுவாக இருக்கிறவனிடம்தான் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், கணவரைத் தொப்பியைக்கூடக் கழற்ற விடாமல் உட்கார வைத்தார்.

"எண்ணைச் சொல்ல மாட்டேன். இலக்கம் எத்தனைன்னு மட்டும் சொல்வேன். கம்மியா இருக்கற பக்கத்தைச் சொல்லுங்க."

பதினைந்துக்குப் பதினைந்து.

"அட, எனக்கு இவ்வளவு கணக்கு வருமா! இத்தனை நாளா ஏம்மா யாருமே சொல்லல?"

டீச்சர் சிரிக்கவில்லை. வாய்பாட்டையே பாதியில் தொலைத்துவிட்டு வந்த மனுஷன் முழு மார்க் வாங்கும் தேர்வைத்தான் வருஷக்கணக்காகப் பூட்டிக் காத்து வந்திருக்கிறார். விடைக்குறிப்பைச் சந்தேகப்பட்டார், திருத்தியவரைச் சந்தேகப்பட்டார், காப்பி அடித்திருப்பார்களோ என்று பிள்ளைகளைச் சந்தேகப்பட்டார். ஒரு தடவைகூடத் தன் கேள்வித்தாளைச் சந்தேகப்படவில்லை.

மறுநாள் மேசையில் அந்தத் தாளை நடுவில் வைத்தார். வைத்த கை உடனே திரும்பவில்லை. ஓரத்தைக் கட்டைவிரல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னார். அறிவியல் ஆசிரியர் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் பையைத் துழாவி ஒரு கேள்வித்தாளை எடுத்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சரியா தவறான்னு நான் கேக்கறதுல... நீளமான வாக்கியம் எல்லாமே சரியா இருக்கே."

"என் பேப்பர்ல நாலு விடைல சரியானது எப்பவுமே மூணாவதுதான் சார்," என்றார் மொழி டீச்சர் மெல்ல. "பசங்க பெல் அடிச்சா முதல் ஆளா ஓடிடறாங்க. அதையும் சொல்லிடறேன்."

பிறகுதான் மேசை வேலை செய்தது. சாக்பீஸ் வாத்தியாருக்கு அந்தப் பதினைந்து கேள்விகளும் தேவைப்பட்டன; அவருடைய பிள்ளைகளை அவை சரியாகப் பிடிக்கும். டீச்சருக்கு, நீளமானதே பெரிதாக வரும் கேள்விகள் எழுதியிருந்த அவருடைய நோட்டு தேவைப்பட்டது. இரண்டையும் கலந்து, பதினைந்தே கேள்விகளோடு புதுத் தாள் ஒன்று தயாரானது. சிலவற்றில் குட்டை பெரிது, சிலவற்றில் நீளம் பெரிது, சிலவற்றில் இரண்டும் ஒரே நீளம், நடுவில் 0.5-உம் 0.50-உம் சமம். வகுப்பின் குறுக்கே கொடிக்கயிறு கட்டி, 0 முதல் 1 வரை பத்துப் பாகமாக முடிச்சுப் போட்டு, பிள்ளைகள் எண் எழுதிய அட்டையைத் துணி கிளிப்பால் சரியான இடத்தில் மாட்ட வேண்டும் என்ற யோசனை மொழி டீச்சருடையது. கணக்கு டீச்சருக்கு இது ஏன் தோன்றவில்லை என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் மட்டும் கேட்டுக்கொண்டார்.

திரும்பி வந்ததும் முதலில் அலமாரியைப் பார்த்தார். பூட்டுகள் பத்திரம். புது டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். உங்க பசங்க எல்லாரும் குட்டையா இருந்தா பெருசுன்னு சொல்றாங்க."

டீச்சர் சாவியைப் பிடித்த கையோடு நின்றார். "இதை எச்.எம். கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என் வகுப்பையும் பாப்பாரு. என் பசங்க நீளமா இருந்தா பெருசுன்னு சொல்றாங்க. அதை எப்படி மாத்தறதுன்னு கத்துக்கத்தான் ரெண்டு தடவை உங்க வகுப்புல உக்காரட்டுமான்னு கேட்டேன். நீங்க பெஞ்சு ஆடும்னுட்டீங்க." குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம்... அடுத்த மாசக் கால அட்டவணையை அவர் ஏற்கெனவே எழுதிட்டாரு டீச்சர். உங்க பேர் நூலகத்துலதான் இருக்கு. தேர்வு வர்றதுக்கு முன்னாடியே."

ஆக, சந்தேகம் பொய்யில்லை. ஆள்தான் மாறிப்போயிருந்தது. டீச்சருக்கு அதில் ஒரு சின்னத் திருப்திகூட வந்தது.

"நாளைக்கு உன் பசங்களையும் கூட்டிட்டு வா. கயிறு நான் கொண்டு வர்றேன்."

மூன்று வாரம் இரண்டு பிரிவும் ஒரே அறையில் நெருக்கியடித்துக் கயிற்றில் எண்களைத் தொங்கவிட்டன. 0.45-ஐ 0.6-க்கு அந்தப் பக்கம் மாட்டியவனை மற்றவர்கள், "டேய், அங்க போனா சுவத்துல முட்டிக்குவே!" என்று கத்தித் திருப்பினார்கள். திருப்புதல் தேர்வில் 'அ' பிரிவில் தப்புப் போட்டவர்கள் ஐந்து பேர். டீச்சர் நம்பவில்லை. மூன்று தடவை எண்ணினார். ஐந்துதான்.

தலைமை ஆசிரியர் அவரே ஆசிரியர் அறைக்கு வந்தார். கையில் கால அட்டவணை. நூலகத்துக்கு நேரே வெள்ளை மை தடவியிருந்தது, இன்னும் காயவில்லை.

"இப்போ பாருங்க, 'அ' பிரிவு உங்களுக்குத்தான். நான் எப்பவும் அப்படித்தான் நினைச்சேன். அந்தக் கேள்வித்தாள்ல ஒரு காப்பி குடுங்க. அடுத்த மாநாட்டுல இதைப் பத்திப் பேசச் சொல்லி எனக்கு அழைப்பு வந்திருக்கு."

'எனக்கு' என்ற சொல்லை டீச்சரின் காது தனியாகப் பொறுக்கி வைத்துக்கொண்டது. புது டீச்சர் சுவரைப் பார்த்தாள். டீச்சர் புதுத் தாளை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்தார்.

"உக்காருங்க சார். எண்ணைச் சொல்ல மாட்டேன், இலக்கம் மட்டும் சொல்றேன். எது பெருசுன்னு சொல்லுங்க."

தலைமை ஆசிரியர் தயங்கித் தயங்கிப் பதினைந்துக்கும் விடை சொன்னார். ஆறு சரி.

"ஆறா? இப்போ பாருங்க, எண்ணையே பாக்காம எப்படிச் சொல்ல முடியும்?"

"முடியக்கூடாது சார். அதுதான் இந்தப் பேப்பர். எப்படிச் செஞ்சதுன்னு தெரியாம அங்க போய்ப் பேசுனா, கேள்வி கேப்பாங்க. நாலாவது பீரியட் வாங்க, பாத்துட்டுப் போய்ப் பேசலாம். பின்னாடி இடம் இருக்கு."

"பாத்து உக்காருங்க சார்," என்றாள் புது டீச்சர், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெஞ்சு ஆடும்."