சட்டித்தலையனும் ஐந்தாவது கொலையும்

சிவப்பு மை விரலில் காய்ந்தால் இரண்டு நாளைக்குப் போகாது. ப்ளஸ் டூ படித்த வருஷம் முழுக்க என் நடுவிரல் சிவப்பாகத்தான் இருந்தது... கொலை நடக்கிற வரிகளை மட்டும் சிவப்பு மையில் எழுத வேண்டும் என்பது ஸ்டெல்லாவின் யோசனை.

குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா விவசாயக் கூலி. ஸ்டெல்லா சர்ச் தெரு டெய்லரின் மகள், என் பெஞ்சுக்காரி. இருவரும் சேர்ந்து ஒரு நீள நோட்டில் திகில் நாவல் எழுதினோம்.

கொலைகாரன் பெயர் சட்டித்தலையன். வயலில் திருஷ்டிக்கு வைக்கிற, சுண்ணாம்புப் புள்ளி குத்திய கரிச்சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையில் கதிர் அறுக்கும் அரிவாளோடு வருவான். சட்டியில் கண்ணுக்கு ஓட்டை போட மறந்துவிட்டோம். அதனால் முதல் இரண்டு அத்தியாயத்திலும் பாவம், வரப்பில் தடுக்கித் தடுக்கி விழுந்தான்.

ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் ஸ்டெல்லா படிப்பாள். முப்பது பெண்களும் ஒரே நேரத்தில் வீறிடுவோம். கணக்கு வாத்தியார் தண்ணீர்த் தொட்டிக்குள் செத்த அன்று கைதட்டல் அடங்கவே இல்லை...

சாவதற்குப் போட்டி வேறு. "என்னைக் கொல்றப்ப அந்தப் பச்சைத் தாவணியில கொல்லுடி" என்று ஒருத்தி முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். கொன்றோம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் சாகப்போகிறவர்களின் பட்டியல். ஐந்தாவது ஆள் எங்கள் ஊர் மிராசுதார். இடம், வைக்கோல் போர். அதையும் எழுதி முடித்துவிட்டோம்.

அந்தத் தை மாதம் அறுவடைக் கூலித் தகராறு வந்தது. எங்கள் தெருவில் ஒருத்தரும் வயலில் இறங்கவில்லை. தெருமுனையில் சங்கக் கொடி, எதிரே போலீஸ் வேன். ஒருநாள் காலையில் வீடு வீடாக ஆயுதம் தேடினார்கள். எல்லா வீட்டிலும் அரிவாள் இருந்தது. அறுப்புக்குப் போகிறவர் வீட்டில் வேறு என்ன இருக்கும்... எங்கள் வீட்டில் கூடுதலாக நோட்டும் கிடைத்தது.

ஏட்டு பட்டியலைச் சத்தமாகப் படித்தார். மிராசுதார் பெயர் வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்தார்.

"அது நான் எழுதுனதுங்க."

அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

அங்கே எஸ்.ஐ. அப்பாவிடம் பேப்பரைத் தள்ளி, "ரெண்டு வரி எழுதிக் காட்டுய்யா" என்றார். அப்பா நிதானமாகத் தன் பெயரை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மிச்சமெல்லாம் வீட்டுல வச்சாத்தாங்க எனக்கு எழுத வரும்."

நான் மேஜை முன்னால் போய் நின்றேன். "சார், அது கதை சார். நாங்க ரெண்டு பேரும் எழுதுனது."

"கதைன்னா அடுத்து என்ன வரும்? சொல்லு."

அழுதுகொண்டே ஆறாவது கொலையைச் சொன்னேன். ஸ்டெல்லா பக்கத்தில் நின்று சட்டி உருளுகிற சத்தம் கொடுத்தாள். பாதியில் பார்த்தால் ஏட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் மிராசுதார் வந்தார். நோட்டை வாங்கித் தன் சாவை முழுதாகப் படித்தார்.

"ஏம்மா, ஒரு சட்டியப் பாத்து நான் எதுக்கு அம்மான்னு கத்திக்கிட்டு ஓடறேன்? வீட்டுல துப்பாக்கி வச்சிருக்கேன்ல?"

எஸ்.ஐ. மெதுவாகக் கேட்டார். "துப்பாக்கிங்களா? லைசென்ஸ் பார்த்த ஞாபகம் இல்லீங்களே."

மிராசுதார் நோட்டை மூடினார். "சின்னப் புள்ளைங்க விளையாட்டு, விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

அப்பாவை அனுப்பிவிட்டார்கள். நோட்டு மட்டும் வரவில்லை. "இன்னும் நாலு அத்தியாயம் இருக்கு, படிச்சுட்டுத் தர்றேன்" என்றார் ஏட்டு. தரவே இல்லை.

வாய்க்கால் கரையில் திரும்பி நடக்கும்போது அப்பா கேட்டார். "யாரு பாப்பா அந்தச் சட்டிக்காரன்?"

"இன்னும் முடிவு பண்ணலப்பா."

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே வந்தார். "மிராசுதாரா இருக்க முடியாது. அவரத்தான் கொன்னுட்டியே."

மூன்று பேரும் நின்று சிரித்தோம். பத்து நாளில் கூலி பேசி முடிந்து, அப்பா அதே மிராசு வயலில் அறுக்க இறங்கினார்.

அப்பா இப்போது இல்லை. ஸ்டெல்லா சீர்காழியில் ஹெட்மிஸ்ட்ரஸ். நான் சென்னையில். என் மகளும் கொலைக்கதைப் பைத்தியம்தான். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனில் பார்ப்பாள். எத்தனை பேர் செத்தாலும் பக்கத்தில் இருக்கிற எனக்கு ஒரு சத்தமும் கேட்காது. தனியாகப் பயந்து, தனியாகச் சிரித்துக்கொள்கிறாள்...

நேற்று தோளைத் தட்டி, "இப்ப யாரடி கொன்னாங்க?" என்றேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டி, படத்தை முதலிலிருந்து போட்டாள்.