பரஸ்தானம் போன கேமரா

உங்க சொந்த பேக்க அடுத்தவங்க வூட்டு ஜன்னல் வழியா பாத்துக்கினு நின்னிருக்கீங்களா? நான் நின்னேன். ரெண்டு கையாலயும் கம்பிய புடிச்சிக்கினு, ஜெயில்ல மனு போட்டு பாக்க வந்தவன் மாதிரி. உள்ள கட்டில் மேல என் கேமரா பேக் ஜம்முனு ஒக்காந்துக்கினு கீது. ஜிப்பு மேல குங்குமப் பொட்டு வேற.

கோடியக்கரைக்கு இருவது நாள் ட்ரிப். பூநாரை கூட்டம் கூட்டமா வந்து எறங்குற சீசன். வேன் வெச்சி கூட்டினு போறவரு மெட்ராஸ் அண்ணன் ஒருத்தரு, பறவ போட்டோல பெரிய கை. வேடந்தாங்கல்ல நான் எடுத்த ஒரே ஒரு நத்தகுத்தி நாரை போட்டோவ பாத்துட்டு, "உன் கேமராவ தூக்கினு நீயும் வா"ன்னாரு. உத்திரமேரூர சுத்தி கல்யாணம் கல்யாணமா போயி, "மாப்ள, கொஞ்சம் சிரிங்க"ன்னு கெஞ்சியே வாழ்க்க முடிஞ்சிடுமோன்னு பயந்துக்கினு இருந்தவன் நான். இந்த வேன வுட்டா எனக்கு வேற வேன் இல்ல.

ஒரு வாரமா பேக்கிங்தான். பஜார்ல செருப்புக் கடையில கெஞ்சி, டப்பாவுல போடுவாங்களே ஈரம் இழுக்குற குட்டி பாக்கெட்டு, அத்த ஒரு கவர் நெறைய வாங்கினு வந்தேன். உப்புக்காத்து லென்ஸ தின்னுடும்ல. சேத்துல படுத்து போட்டோ எடுக்க யூரியா சாக்கு. லென்ஸுக்கு முட்டு குடுக்க, என் கியிஞ்ச ஜீன்ஸோட கால வெட்டி உமி அடச்சி அம்மா ஒரு தலகாணி தச்சி குடுத்துச்சி. நல்லாதான் போய்க்கினு இருந்துச்சி. அப்பதான் அம்மா காலண்டர பாத்துச்சி.

"டேய், வியாயக்கெயம தெக்கால சூலம்டா. அன்னிக்கு தெக்க போவக் கூடாது."

"சரி, வேன் அண்ணனாண்ட சொல்லிடவா? எங்கம்மா காலண்டர் ஒத்துக்கல, வெள்ளிக்கெயம வாங்கன்னு?"

"வாய மூடு. பரஸ்தானம் வெச்சிட்டா சரியா பூடும்."

பரஸ்தானம்னா, மொத நாளே நல்ல நேரம் பாத்து, எடுத்துனு போற சாமான்ல ஒண்ண வேற ஒருத்தங்க வூட்ல கொண்டுபோயி வெச்சிடறது. பயணம் அப்பவே கெளம்பிட்ச்சின்னு அர்த்தம். ஆனா வெச்ச சாமான் திரும்ப நம்ம வூட்டு படி ஏறக் கூடாது. போறப்ப அங்க இருந்தே தூக்கினு போவணும். நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். வியுந்து வியுந்து சிரிச்சேன்.

புதன்கெயம சாயங்காலம் ட்ரைபாட் காலு ஒண்ணு லாக் ஆவாம பேஜார் பண்ணிக்கினு கீது. அந்த நேரம் பாத்து, "எத்த எடுத்துனு போறது?"ன்னுச்சி அம்மா.

"எத்தயாச்சும் எடுத்துனு போம்மா, சொம்மா நொய்நொய்ன்னு."

தப்பு அதான். மொத்த தப்பும் அதான்.

காலீல நாஷ்டா துன்னுட்டு பைய எண்ணிப் பாக்கறேன். ஒண்ணு கொறையுது.

"ம்மா, கேமரா எங்க?"

"எதுத்த வூட்ல. பரஸ்தானம்."

"துணிப் பைய வெப்பாங்க ம்மா! யாராச்சும் கேமராவ வெப்பாங்களா?"

"எது இல்லாம நீ போவ மாட்டியோ அத்த வெச்சாதான்டா செல்லும். துணி இல்லாம கூட நீ போயிடுவ."



எதுத்த வூட்டுக்கு ஓடறேன். பூட்டு. அந்த வூட்ல அத்தையும், தல பிரசவத்துக்கு வந்த அவங்க பொண்ணும்தான். விடிகாலைல வலி வந்து ரெண்டு பேரும் ஆட்டோல காஞ்சிபுரத்துல ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு பூட்டாங்களாம், எதுன்னு யாருக்கும் தெரியல. அத்தைக்கு போன் போட்டா உள்ள டிவி மேலயே ரிங்கு அடிக்குது. பொண்ணு போன் ஆஃப். மாப்ள ஓரிக்கை ஊர்க்காரரு, நம்பர் யாராண்டயும் இல்ல.

தொரட்டிய வுட்டு பாத்தேன். வாருல கொக்கி மாட்டிக்கிச்சி. இய்த்தா பேக் கட்டில்ல இருந்து கீய வியும், உள்ள லென்ஸு. மெதுவா கய்ட்டிட்டேன். அப்பால பூட்ட ஒடைக்க சுத்தி எடுத்துனு வந்தேன். நைனா கைய புடிச்சிக்கினாரு.

"புள்ள பெத்துக்க போனவங்க வூட்டு பூட்ட ஒடைப்பியாடா? அங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா, அந்த பொண்ணு மூஞ்சில முயிப்பியா?"

பிசிக்ஸ்ல இதுக்கு ஃபார்முலா இல்ல. சுத்திய கீய வெச்சிட்டேன். வேன புடிக்க செங்கல்பட்டு போற பஸ்ஸும் பூட்ச்சி.

வேன் அண்ணனுக்கு போன் போட்டேன். "அண்ணா, கேமரா பரஸ்தானத்துல மாட்டிக்கிச்சிண்ணா."

"அது எந்த ஊரு சர்வீஸ் சென்டர்பா?"

வெளக்கி சொன்னேன். "தம்பி, பதினொரு மணிக்கு செங்கல்பட்டு. அதுக்கு மேல நிக்க முடியாது." பதினொண்ணு அஞ்சிக்கு அவரே கூப்ட்டாரு. என் எடத்துல வேற ஆள ஏத்திட்டாராம். யாராச்சும் பாதில திரும்புனா சொல்றேன், ரெடியா இருன்னாரு.

மூணு மணிக்கு அத்தை வந்தாங்க, துணிமணி எடுத்துனு போவ. ஆட்டோவ வுட்டு எறங்குனதும் என் வாயில சக்கரைய போட்டாங்க. "பொண்ணுடா! ரெண்டு உசுரும் நல்லாகீது!" நான் சக்கரைய முய்ங்கிட்டு சிரிச்சேன். வேற இன்னா பண்றது, சொல்லுங்க? கோவப்படக்கூட ஆளு இல்ல.

பேக்க தூக்கினு எங்க வூட்டாண்ட வந்தேன். வாசல்ல அம்மா நிக்கிது. கண்ணு செவந்து கீது.

"உள்ள எடுத்துனு வந்தின்னா பயணம் முடிஞ்சிப்போச்சின்னு அர்த்தம்டா. அப்பால உன் இஷ்டம்."

சிரிக்கணும்னுதான் நெனச்சேன். ஒரு காலு படி மேல. அண்ணன் சொன்ன "ரெடியா இரு" காதுல கேட்டுக்கினே கீது. கால எடுத்துட்டு, திரும்பி நடந்தேன். அத்தையாண்ட போயி, "ரெண்டு நாளு இங்கயே இருக்கட்டும் அத்தை"ன்னேன்.

இன்னியோட ஒம்போது நாளு. போன் வரல. பேக் அத்தை வூட்ல, கொயந்த ஏணைக்கு பக்கத்துல, அதே கட்டில் மேல கீது.