எல்லையில் நின்ற ஐலீன்

தொலைபேசி அடித்தபோது, குக்கரில் இது எத்தனையாவது விசில் என்ற குழப்பத்தில் அடுப்படியில் நின்றிருந்தேன். ஸ்காட்லாந்திலிருந்து ஐலீனின் தோழி பேசினார். எனக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஐலீன் போய்விட்டாள். கொஞ்ச நாளாகவே உடம்பு சரியில்லை, என்னிடம் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறாள். கடைசி நேரத்தில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். அறை நிறைய ஆட்கள் இருந்தோம் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சோறு குழைந்துபோனது.

ஐலீனை அவள் என்றே எழுதுகிறேன். அவர் என்று எழுதினால் வேறு யாருக்கோ இரங்கற்பா படிப்பதுபோல இருக்கிறது. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. கம்பைநல்லூர்ப் பக்கத்தில் இதை வாசிக்கிற பெரியவர்களுக்கு அவளைக் 'கண்ணாடிக்காரி' என்றால்தான் தெரியும். அவள் ஊரில் அவளை ஓவியர், நிகழ்த்துக் கலைஞர் என்பார்கள். மேடை கிடையாது, கதை கிடையாது, பாட்டும் கிடையாது. ஓர் இடத்துக்குப் போய் நிற்பாள், அல்லது நடப்பாள், அல்லது பேசாமல் படுத்துக் கிடப்பாள். அதுதான் கலை. இதற்கும் ஒரு படிப்பு இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். இருக்கிறது, அதில் நான் தோற்றுப்போனவள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அறுபதுகளின் கடைசி. மழை பொய்த்து, வானம் பார்த்த பூமியெல்லாம் வாயைப் பிளந்து கிடந்த நேரம். கிணறு வெட்டிக் கொடுக்க வந்த ஒரு நிவாரணக் குழுவில் வரைபடம் போடுகிற வேலைக்கு அவள் வந்தாள். அந்த அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். எங்கள் வீட்டில் கிணறு வற்றி, அப்பா மாட்டை விற்ற பிறகு, மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நான் கற்ற இங்கிலீஷ்தான் சோறு போட்டது. அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஐலீனுக்கும் ஊருக்கும் நடுவில் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் முனியம்மா வீட்டின் பக்கவாட்டு அறையில் அவள் குடியிருந்தாள். முனியம்மாவின் கணவர் மாதையன் கேழ்வரகும் கடலையும் போடுகிற மானாவாரி விவசாயி. கூச்ச சுபாவம். ஐலீனிடம் அவர் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரே அவள் நின்றுகொண்டிருக்கும்போதே, அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா என்று மனைவியிடம் விசாரிப்பார். ஒருமுறை அவர் வயலுக்குப் போயிருந்த நேரத்தில் ஐலீன் செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து வீட்டுச் சுவர் முழுக்க ஒரு வறண்ட கிணற்றை வரைந்துவிட்டாள். மேலிருந்து எட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே இருந்தது, எனக்குத் தலை சுற்றியது. மாதையன் வந்து பார்த்தார். போய்ச் சுண்ணாம்பு கரைத்து வந்து மொத்தத்தையும் வெள்ளையடித்தார். "காஞ்ச கெணத்த வூட்டுச் செவுத்துல வேற பாக்கணுமா?" என்று முனியம்மாவிடம்தான் கேட்டார். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது ஐலீன் கோபப்படவில்லை. என் படத்தைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகப் பேசியதில்லை என்றாள்.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சந்தை நாளில் பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மார்பில் கட்டிக்கொண்டு கம்பைநல்லூர்ச் சந்தையின் நடுவில் போய் நின்றாள். தன்னைப் பார்க்க வருகிறவர்கள் தங்களையே பார்த்துத் திகைத்து நிற்க வேண்டும், யோசிக்க வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். நடந்தது வேறு. புடவைக் கடைக்காரர் ஒருவர் வந்து மீசையைச் சரிசெய்துகொண்டார். பெண்கள் வரிசையாக வந்து பொட்டைத் திருத்திக்கொண்டார்கள். வளையல் கடைக்காரர் மட்டும், அந்தம்மாவைக் கொஞ்சம் நம்ம கடை ஓரமாக நிற்கச் சொல்லுங்களேன், வியாபாரத்துக்கு உதவியாக இருக்கும் என்று என்னிடம் நாசூக்காகக் கேட்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தக்காளிக் கூடைகளின் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது தொப்பூர்க் கணவாய். அங்கே லாரிகள் கவிழ்வது ஐலீனை மிகவும் பாதித்திருந்தது. முகத்திலும் கைகளிலும் சுண்ணாம்பு பூசிக்கொண்டு சாலையோர டீக்கடைக்கு எதிரே, விபத்தில் போனவர்களின் நினைவாக அசையாமல் படுத்துக் கிடப்பது என்று முடிவு செய்தாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முதலில் வந்த லாரி சடாரென்று நின்றது. டிரைவரும் கிளீனரும் குதித்து இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளைத் தூக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடியிருக்காவிட்டால் சேலம் பெரியாஸ்பத்திரியில்தான் கண் விழித்திருப்பாள். அடிபடவில்லை, இது கலை என்று டிரைவரிடம் விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடிபடலைன்னா எழுந்து உக்காரச் சொல்லும்மா, வெயிலு கொளுத்துது" என்றார். தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் ஐலீன் உள்ளுக்குள் உடைந்துபோனது எனக்குத் தெரிந்தது. அவள் ஊரில் தள்ளி நின்று பார்ப்பார்கள், ஒன்றும் நடக்காது. இங்கே பார்க்கிற ஆளே இல்லை, எல்லோரும் வந்து தொட்டுத் தூக்கிவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் தன் கலைக்கு வேலையில்லை என்று அவள் முடிவுக்கு வந்தாள். ஊருக்குப் போய்த் தன் அண்ணனின் கடையில் கணக்கு எழுதப் போவதாகவும், இனி தூரிகையைத் தொடுவதில்லை என்றும் சொன்னாள். அதை அழுது சொல்லியிருந்தால் தேற்றியிருப்பேன். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது.

அவள் கிளம்புகிற நாளன்று அவளை மொரப்பூரில் ரயிலேற்றிவிட முனியம்மா வீட்டுக்கு நான் வந்திருந்தேன். அன்றைக்குத்தான் ஊரில் மழைச்சோறு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். மழையே இல்லாத வருடத்தில் பெண்கள் வீடு வீடாகச் சென்று உப்பில்லாத சோறும் களியும் வாங்கி, ஒன்றாகக் கலந்து, வறண்ட ஏரியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறகு மூட்டை முடிச்சோடு, இந்த ஊரில் இனி வாழ முடியாது, பரதேசம் போகிறோம் என்று ஒப்பாரி வைத்துக்கொண்டு ஊர் எல்லைவரை போவார்கள். எல்லையில் அவரவர் வீட்டு ஆண்கள் வந்து, மழை வரும் வாங்க என்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் திரும்பலாம். ஒருத்தி பாக்கி இருந்தாலும் மற்றவர்கள் ஊருக்குள் கால் வைக்கக்கூடாது, வைத்தால் மழை ஏமாற்றிவிடும். என்னைப் போன்ற வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெண்களும் அன்றைக்கு ஓரமாக நடந்தோம். வறட்சி எங்கள் வயலைத் தனியாக விட்டுவைக்கவில்லையே.

ஐலீனுக்கு இதெல்லாம் தெரியாது. ஏற்கனவே பல குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதைப் பார்த்திருந்தாள். பெட்டியோடு அறையை விட்டு வெளியே வந்தவள், ஊரே மூட்டை தூக்கிக்கொண்டு அழுதபடி போவதைப் பார்த்து, எல்லாம் முடிந்தது, இந்த ஊர் காலியாகிறது என்று நினைத்துவிட்டாள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் சேர்ந்தாள். அழ ஆரம்பித்தாள். அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அப்போது வந்தது. நான் சொன்னது எதுவும் அந்த ஒப்பாரியில் அவள் காதில் விழவில்லை. வெள்ளைக்காரப் பெண் நம்மைவிட நன்றாக அழுகிறாள் என்று பெண்களுக்கு ஒரே பெருமை.

எல்லைக் கல்லருகே ஆண்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொருவராக முன்னால் வந்து கூப்பிட்டார்கள். மாதையன் முனியம்மாவைக் கூப்பிட்டார். என் தம்பி என்னைக் கூப்பிட்டான். கடைசியில் ஐலீன் மட்டும் பெட்டியோடு சாலையோரம் நின்றாள். அவளைக் கூப்பிட அங்கே ஆண்பிள்ளை யார் இருக்கிறார்கள்? எல்லோரும் நின்றுவிட்டோம். அப்போதுதான் அவளுக்கு ஏதோ புரிந்தது. இதெல்லாம் நடிப்பா என்று முனியம்மாவைத் தன் அரைகுறைத் தமிழில் கேட்டாள். ஏமாந்துபோன குழந்தையின் முகம் அது.

"அழுவுற அழுவ பொய்யா கண்ணு?" என்றாள் முனியம்மா. "மழ வராட்டி நெசமாவே போவோம். வந்துட்டா இதோட போச்சு."

அந்த நேரம் பார்த்து மொரப்பூர் பஸ் வந்து நின்றது. பெட்டியைப் பார்த்ததும் கண்டக்டர் கதவருகே நின்று, ஏறுகிறீர்களா என்று கேட்டார். ஐலீன் ஊரைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். மற்ற பெண்கள் போவதுபோலப் போனவர்கள். அவள் நிஜமாகவே போகிறவள். அவள் ஏறிவிட்டால் அவள் கதையும் முடிந்தது, ஊரின் மழைச்சோறும் கெட்டது. கண்டக்டர் மறுபடியும் கேட்டார்.

ஆண்கள் கூட்டத்திலிருந்து மாதையன் வந்தார். வேட்டியை அவிழ்த்துச் சரியாகக் கட்டிக்கொண்டார். முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஐலீனு. மழ வரும். வூட்டுக்கு வாம்மா."

அவ்வளவுதான். அவளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பெட்டியை அவர் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார், அவள் பின்னால் போனாள். கண்டக்டர் ரைட் கொடுத்துவிட்டார். மழை அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பிறகு வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள்.

எழுபதுகளின் பாதிவரை ஐலீன் இங்கேயே இருந்தாள். அதன் பிறகு அவள் தனியாக எதையும் நிகழ்த்திக் காட்டவில்லை. புதுக் கிணறு ஒன்றில் தண்ணீர் வந்த அன்று ஊரையே கால் நனைக்க வைத்து, வெயிலில் கிடந்த பாறைமேல் நடக்கச் சொன்னாள். பாறை முழுவதும் ஈரக் கால்தடங்கள். காய்வதற்குள் பாருங்கள், இதுதான் படம் என்றாள். காயக் காய மறுபடியும் நனைத்துக்கொண்டு ஓடினோம். மாதையன் தன் தடத்தைக் குனிந்து பார்த்து, என் கால் இவ்வளவு கோணையா என்று அதிசயப்பட்டார். அன்றைக்கு ஐலீன் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அவள் கடைசியாகத் தன் ஊருக்குக் கிளம்பியபோது கலையை விட்டுவிடப் போகவில்லை, செய்யப் போனாள். மொரப்பூர் ஸ்டேஷனுக்கு ஊரே வந்தது, மாதையன் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வந்தா கூப்புட்டுருவேன். அது போவ வேண்டிய பொண்ணுங்க" என்று சொல்லியனுப்பினார். ரயில் நகர்கிறவரை ஐலீன் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் நாட்டில் அவள் செய்ததை அவளே எனக்குப் போனில் விவரித்திருக்கிறாள். ஒரு பழைய மீன் கிடங்கில் ஆட்களை உட்காரவைத்து, நான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு வெளியேறுவாள். யாராவது வந்து பேர் சொல்லிக் கூப்பிடும்வரை குளிரில் நிற்பாள். முதல் முறை எல்லோரும் கைதட்டிவிட்டு வேறு வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டார்களாம். இதைச் சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த முறை, கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் எட்டிப் பார்த்து, ஐலீன் உள்ளே வா, காய்ச்சல் வந்துவிடும் என்று அதட்டியிருக்கிறாள். அங்கிருந்துதான் அவள் பேர் பரவியது. பிற்காலத்தில் அதை அப்படியே திருப்பிப் போட்டாள். வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் வாசலில் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வாள். அவர்கள் கலைந்து போகும்போது பின்னாலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் தெருவில் நின்று திரும்பிப் பார்த்து அழுதார்களாம். "பார்க்கிறவர்கள் எனக்கு வேண்டாம், ரெஜினா. திரும்புகிறவர்கள் போதும்" என்றாள். அதை அவள் தமிழில் சொன்னாள்.

அவளிடமிருந்து என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று இந்த நாட்களில் யோசித்தேன். அவள் வரைந்தது ஒன்றும் என்னிடம் இல்லை. நல்லதெல்லாம் பாறையில் காய்ந்துவிட்டது. ஆனால் போன மாதம், எதிர்வீட்டு மருமகள் சண்டை போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றாள். வீட்டில் ஒருவரும் வெளியே வரவில்லை. ஊர் வம்பு நமக்கெதற்கு என்று கதவைச் சாத்துகிறவள்தான் நானும். அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். அவள் பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வாம்மா என்றேன். அவள் என்னை முறைத்தாள்.

"நீங்க யாருங்க என்னக் கூப்பிட?"

"எதிர் வூடு" என்றேன். பையை எடுத்து என் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனபின் எனக்குப் பின்னால் அவள் செருப்புச் சத்தம் கேட்டது.