படம் முடிந்த பிறகும் ஓடிய காவிரி

எங்கள் பள்ளியில் புவியியல் வகுப்பு ஒரு நெடியோடுதான் தொடங்கும். அலமாரிக்கு மேல் சுருட்டிக் கிடக்கும் துணி வரைபடத்தைப் பிரமீளா மிஸ் எடுத்துக் கட்டை அவிழ்த்து, கரும்பலகையின் ஆணியில் மாட்டி, ஓர் உதறு உதறுவார். பாச்சா உருண்டையும் வார்னிஷும் போன வருடத்துத் தூசியும் கலந்து எழும்பி முன்வரிசைக்காரர்களைத் தும்ம வைக்கும், அவர்களுக்கும் முந்தி மிஸ்ஸே தும்மிவிடுவார். வருடம் முழுக்க ஜலதோஷம், மூக்கின் மேல் கோபம், சாக்பீஸை எங்கே வைத்தோம் என்று தேடுவதிலேயே பாதி வகுப்பைத் தொலைக்கிற சுபாவம். அவரைப் பெரிய அறிவாளி என்று அப்போது எங்களில் யாரும் நினைத்ததில்லை, நானும் நினைக்கவில்லை.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அரசிகெரேயிலிருந்து மாற்றலாகி நாங்கள் மைசூருக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் ஏழாம் வகுப்பில் கால் வைத்த வருடம். அந்த வருடப் புத்தகத்தில் இயற்கை வளங்களைக் காப்பது பற்றி ஒரு பாடம் இருந்தது. குழாயை மூடு, மரத்தை நடு, விளக்கை அணை என்று அழகாகப் புத்தி சொல்லும். "பரீட்சையில இதையே எழுதுங்க, மார்க் வரும்" என்று சொல்லிவிட்டு மிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, மூடுறதுக்கு யார் வீட்டுல குழாய் இருக்கு? கையைத் தூக்குங்க" என்றார். பாதிக் கைகள்தான் எழுந்தன. மீதிப் பேர் தெருமுனை "நல்லி"யில், அதாவது பொதுக்குழாயில், பித்தளை "பிந்திகெ"க் குடத்தோடு வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கிறவர்கள். "அப்ப இந்தப் பாடம் யாருக்கு எழுதினது?" என்று கேட்டார். உடனே சாக்பீஸைத் தேடப் போய்விட்டார்.

எதை எடுத்தாலும் அவருக்கு மூன்று கேள்விகள்: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யாருக்குப் போகிறது. டிபன் பாக்ஸைத் திறந்தால் அரிசி எந்த ஊரிலிருந்து வந்தது என்பார். கையைக் கழுவினால் அந்தத் தண்ணீர் எந்தச் சாக்கடை வழியாக யார் வாசலுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்வார். "எல்லிந்த, எல்லிகெ, யாரிகெ" என்று கன்னடத்தில் அவர் கேட்கிற ராகத்தை அப்படியே பழித்துக்காட்டி, இடைவேளையில் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

சிரிப்பில் எனக்குக் கூட்டாளி நாகரத்னா. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய அப்பாவுக்குக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் கரும்பும். பையில் எப்போதும் ஓர் அச்சு வெல்லம் இருக்கும். பெஞ்சின் விளிம்பில் தட்டி உடைத்துப் பெரிய துண்டை எனக்குத் தருவாள். புது ஊரில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள்தான், அவள் இல்லாத பெஞ்சை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. நாங்கள் தமிழர்கள் என்பது. ரயில்வே குடியிருப்பில் ஆடி வளர்ந்ததால் என் கன்னடத்தில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஊரைக் கேட்டால் அரசிகெரே. காவிரித் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களும் முறைத்துக்கொண்டு நின்ற வருடம் அது. கடைத்தெருவில் தமிழ் எழுத்துப் போட்ட பலகைகளில் தார் பூசியிருந்தார்கள், தியேட்டர்களில் தமிழ்ப் படங்கள் நின்றுபோயிருந்தன. தமிழ் வாரப் பத்திரிகையை அம்மா கன்னட தினசரிக்குள் சுருட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். "வெளில வாயத் தொறந்தா கன்னடம்தான், தெரிஞ்சுதா? என்னை அம்மான்னு கூப்புடு, அது ரெண்டு பாஷைக்கும் பொது. அதோட நிறுத்திக்க" என்பாள். அப்பா இன்னும் சுருக்கமாக, "சும்னிரு" என்று கன்னடத்திலேயே வாயை மூடச் சொல்வார்.

ஒருநாள் மிஸ் கர்நாடக மாநில வரைபடத்தை மாட்டினார். குடகு மலையில் தொடங்கிய நீலக்கோடு கண்ணம்பாடி அணையைத் தாண்டி, நாகரத்னாவின் ஊரைத் தாண்டி, கிழக்கே போய் மாநில எல்லையில் கத்தரித்தாற்போல் நின்றது. அதற்கப்பால் வெள்ளைத் துணி. மிஸ் குச்சியை அந்த இடத்தில் வைத்து, "இங்கேருந்து எங்க போகுது?" என்று கேட்டார். வகுப்பில் பேசியதெல்லாம் கன்னடம், நான் தமிழில் சொல்கிறேன்.

"முடிஞ்சுபோச்சு மிஸ்" என்றது ஒரு குரல். சிரிப்பு. "அவங்க திருடிக்கிறாங்க" என்றாள் என் பக்கத்திலிருந்த நாகரத்னா, எழுந்து நின்று, வீட்டில் கேட்டதை அப்படியே. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை, கை தட்டினார்கள்.

மிஸ் அவளைத் திட்டவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் இதுக்கு மேல தெரியாது. படம் முடியற இடத்துல என் படிப்பும் முடிஞ்சுடுது. அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. யாராவது பார்த்திருக்கீங்களா?" என்றார். ஒரு டீச்சர் தனக்குத் தெரியாது என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

நான் பார்த்திருக்கிறேன். தம்பி பிறந்த சமயத்தில் என்னைச் சில மாதங்கள் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே கோடையில் ஆறு வெறும் மணல். பையன்கள் நடு ஆற்றில் கிரிக்கெட் ஆடுவார்கள். தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்துவிட்டால் ஊரே கரையில் போய் நிற்கும். முதல் தண்ணீர் பாய்ந்து வராது. சருகும் நுரையும் எறும்பும் சுமந்துகொண்டு, மணலை நனைத்து நனைத்து ஊர்ந்து வரும். அதற்கு முன்னால் பிள்ளைகள் ஓடவேண்டும், கால் நனையாமல், "வந்துடுச்சு வந்துடுச்சு" என்று கத்திக்கொண்டே அடுத்த ஊர் எல்லை வரைக்கும். அங்கே அந்த ஊர்ப் பிள்ளைகள் காத்திருந்து ஓட்டத்தை வாங்கிக்கொள்வார்கள். அந்த ஓட்டத்தில் நானும் ஓடியிருக்கிறேன்.

எதற்காக எழுந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆறு முடிந்துபோச்சு என்று எல்லோரும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். பலகைக்குப் போய், வரைபடத்தின் விளிம்பில் நீலக்கோடு நின்ற இடத்தில் சாக்பீஸை வைத்து, கரும்பலகையின் மேல் இழுத்தேன். மலை இறக்கம், இன்னொரு பெரிய அணை, அப்புறம் சமவெளி, விரல்களைப் போலப் பிரிகிற கிளைகள், கடைசியில் கடல். ஒரு கிளையின் பக்கத்தில் புள்ளி வைத்து, "இது எங்க அத்தை ஊர்" என்றேன். தண்ணீருக்கு முன்னால் ஓடுவதையும் சொன்னேன். பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். நாகரத்னா பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

மிஸ் என் தலையைத் தடவி ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். "நாகரத்னா, நீ வா, உன் வயலைப் போடு" என்று அவளை அழைத்தார். அவள் கோபத்தோடு போய் அணையின் பக்கத்தில் கால்வாயை இழுத்து, கால்வாயின் வாலில் ஒரு கட்டம் போட்டாள். "இப்ப ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேளுங்க. சண்டை போடக்கூடாது, கேட்கணும்" என்றார்.

"உங்க அத்தை வருஷத்துக்கு மூணு போகம் எடுக்கறாங்களாமே?" என்றாள் நாகரத்னா.

"தெரியாது. தண்ணி வராத இன்னொரு வருஷம் லீவுல போனப்ப நாத்து காஞ்சதைப் பார்த்திருக்கேன். அத்தை வரப்புல உக்காந்து அழுதாங்க. உங்களுக்குத்தான் அணை பக்கத்துலயே இருக்கே?"

"பக்கத்துல இருந்தா? போன வருஷம் நட்டப்புறம் கால்வாயை மூடிட்டாங்க. எங்கப்பா நாலு நாள் சாப்பிடலை."

அதற்கப்புறம் வகுப்பு முழுவதும் எழுந்து நின்று பங்கு போட்டுப் பார்த்தது. மேலே இருப்பவருக்கு முதலில் என்றார்கள், வெகுகாலமாக உழுகிறவருக்கு முதலில் என்றார்கள், பாதிப் பாதி என்றார்கள்; மழை பெய்யாத வருடம் பாதியில் பாதி யாருக்கு என்று கேட்டதும் அதுவும் போயிற்று. பெங்களூருக்குக் குடிக்கக் கொண்டுபோகும் குழாயை ஒருத்தி நினைவுபடுத்தினாள், கணக்கு இன்னும் குழம்பியது. மணி அடித்தது. "இந்தக் கணக்கு பெரியவங்களுக்கும் வரலை, உங்களுக்கும் வரலை. போங்க" என்று மிஸ் வரைபடத்தைச் சுருட்டினார்.

அந்த வாரமே ஊரில் கடையடைப்பு, கல்வீச்சு என்று பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தவர்களில் நாகரத்னாவின் ஊர்க்காரர்களும் உண்டு என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். வகுப்பில் நடந்ததைக் கேட்டு அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "உன் வாயாலயே சொல்லிட்டு வந்தியா? படம் போட்டு வேற காமிச்சியா?" என்றார். அம்மா பெட்டியை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள். நிலைமை முற்றினால் என்னையும் தம்பியையும் அத்தை ஊருக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு. ஜன்னலை மூடி வைத்த அந்த வீட்டில் கல்லைப் பற்றி நான் அதிகம் பயப்படவில்லை. பள்ளி திறந்தால் அந்தப் பெஞ்சில் யார் பக்கத்தில் உட்காருவேன் என்பதுதான் என் கவலை.

பள்ளி திறந்தது. பெட்டி கட்டிலில் இருக்கும்போதே, அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடிப் போனேன். என் பெஞ்சு காலி. பின்வரிசையில் யாரோ குசுகுசுத்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து பஸ் அன்று தாமதம். முதல் பாடம் பாதி ஓடிய பிறகு நாகரத்னா வாசலில் வந்து நின்றாள். நேராக வந்தாள். "தள்ளி உக்காரு" என்றாள். உட்கார்ந்து, பையைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு, வெல்லத்தை விளிம்பில் தட்டி உடைத்தாள். பெரிய துண்டு எனக்கு. அப்புறம் டீச்சருக்குக் கேட்காமல் என் காதோடு கேட்டாள்: "தண்ணி ராத்திரில வந்தா பசங்க என்ன பண்ணுவாங்க? இருட்டுல எப்படி ஓடுவாங்க?"

விடுமுறை முழுக்க அவள் அதை யோசித்துக்கொண்டிருந்தாளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயில் வெல்லத்தோடு அழுதேன். அன்று சாயங்காலம் அம்மா பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

பிரமீளா மிஸ் எங்கே இருக்கிறார் என்று பலரிடம் விசாரித்தும் தெரியவில்லை. நேரில் பார்த்தால் என்ன சொல்வேன் என்பதும் தெரியாது, அவருக்கு நான் பட்ட கடன் நன்றி என்ற ஒரு சொல்லில் அடங்காது. இப்போது மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் என் மகளின் பள்ளி. அங்கே வருடத்துக்கு ஒருமுறை உலகக் குடிமக்கள் தினம் கொண்டாடுகிறார்கள். கையில் அட்டைக் கொடி, கன்னத்தில் பூமி உருண்டை, பனிக்கரடியைக் காப்பாற்று என்று ஒரு பாட்டு, முடிவில் எல்லோருக்கும் சான்றிதழ். பனிக்கரடி மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை, நன்றாக இருக்கட்டும். ஆனால் யாருக்கும் கோபம் வராத, யாரும் பையை நடுவில் வைக்காத ஒரு பாடத்தில் குழந்தைகள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வகுப்பைப் போன்ற ஒரு வகுப்பை இன்று நடத்தினால், பெற்றோர் குழுவில் மறுநாளே ரகளை ஆகிவிடும்.

நாகரத்னாவின் வயல் இருந்த இடத்தில் இப்போது நெடுஞ்சாலை ஹோட்டல், கார் நிறுத்த இடம் தாராளமாக உண்டு. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய வயலில் வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். ஆனாலும் கண்ணம்பாடி நிரம்பி மதகு திறந்துவிட்டால், செய்தியில் வருவதற்கு முன்னால் நாகரத்னா போன் செய்துவிடுகிறாள். இந்த வருடமும் செய்தாள்.

"விட்டுட்டாங்க. அத்தை ஊருக்குச் சொல்லிடு."

"அங்க இப்ப யாருடி இருக்கா, நான் சொல்றதுக்கு? வயலே இல்லை."

"அதுக்கும் கீழ?"

"கீழ வயல் இருக்கு. யாரோடதுன்னு எனக்குத் தெரியாது."

"யாரோடதா இருந்தா என்ன," என்றாள், "போய்ச் சேரட்டும்."