லைட் அடிச்சுதா?

பிள்ளைகளே, உங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே கேமராதான் இருந்தது. கண்ணில் வைத்துப் பார்க்கிற அந்தக் கறுப்புக் கேமரா. அதற்கு முன்னால் என்னிடம் இருந்தது வேறு. பெட்டி மாதிரி இருக்கும். முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேலே உள்ளது நாம் பார்ப்பதற்கு, கீழே உள்ளது படம் பிடிப்பதற்கு. கழுத்தில் மாட்டி, வயிற்றுக்கு நேராகப் பிடித்து, மூடியைத் திறந்து குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். பழகிவிட்டால் அது ஒன்றும் பெரிதில்லை.

வார நாட்களில் கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் பலகைத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானிலும் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் கல்யாணப் படம் எடுப்பேன். என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்துத்தான் தொழிலைக் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெட்டிக்குச் சிரமம் வந்தது. அதில் ஒரு பிலிம் ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். முடிந்ததும் ரோல் மாற்ற வேண்டும். அதுவரை ஐயர் மந்திரத்தை நிறுத்திவைக்க மாட்டார். கல்யாண வீட்டாரோ கனமான கலர் ஆல்பம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சின்ன ரோல் போடுகிற புதுவகைக் கேமராவில் முப்பத்தாறு எடுக்கலாம். கடைக்காரர்களும் சின்ன ரோலைத்தான் சீக்கிரம் கழுவிக் கொடுத்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

“அங்கிள், உள்ள என்னா கோழி அடைகாக்குதா? குனிஞ்சு குனிஞ்சு பாக்குறீங்க!”

நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனால் அந்த மாதமே தலைநகரில் உள்ள பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலேறினேன்.

அங்கே மாடிப்படிக்குக் கீழே பழைய கேமரா வாங்கி விற்கும் கடை ஒன்று இருந்தது. என் வேலையை விசாரித்துவிட்டுக் கடைக்காரர் எடுத்துக் காட்டியது யாரோ வைத்திருந்து விற்றது. ஓரமெல்லாம் கறுப்பு உதிர்ந்து பித்தளை தெரிந்தது. ஒரே லென்ஸ். போனஸ் பணம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது.

“பெட்டியக் குடுத்துட்டு இத எடுத்துக்குங்க பாஸ்,” என்றார்.

“ரெண்டும் இருந்தா நல்லது அண்ணே. வர்ற மாசம் மச்சினிச்சி கல்யாணம். புதுச மட்டும் நம்பி எப்படிப் போறது?”

“ரெண்டும் வேணும்னா நான் கடைய மூடிட்டு உங்க கூட வந்து பலகை தூக்க வேண்டியதுதான் லா.”

பெட்டியைக் கொடுத்தேன். பிளாஷ் மட்டும் பழையதே. அது தயாராகிவிட்டதைக் காட்டும் குட்டி விளக்கு எரியாமல் போய் வெகு காலம் ஆகியிருந்தது. சில சமயம் பிளாஷே அடிக்காது. அதை மாற்றக் கையில் ஒன்றுமில்லை.

உங்கள் அம்மா புதுக் கேமராவைத் தொடவில்லை.

“என் தங்கச்சி கல்யாணத்துலதான் பழகிப் பாக்கணுமா? அப்பா வேற ஆளு பேசல, உங்கள நம்பித்தான் இருக்காரு,” என்றாள். பிறகு சமையல்கட்டிலிருந்து இன்னொன்றும் சொன்னாள். “மத்த படம் எப்படியும் போவட்டும். தாலி கட்டுற படத்த விட்டுறாதீங்க.”

ரோல் வாங்கிப் பழகினால் காசு. பிளாஷ் அடித்துப் பழகினால் பேட்டரிக் காசு. அதனால் ரோலும் பிளாஷும் இல்லாமல் வெறும் கேமராவை வைத்துப் பழகினேன். நீங்கள் சாப்பிடும்போது, பல் துலக்கும்போது எல்லாம் டக் டக்கென்று அழுத்துவேன். முதலில் முகத்தைக் கோணிக் காட்டினீர்கள், அப்புறம் கண்டுகொள்ளவே இல்லை. இந்தக் கேமராவில் பார்ப்பதும் எடுப்பதும் ஒரே லென்ஸ் வழியாக. உள்ளே ஒரு கண்ணாடி சாய்வாக நின்று காட்சியை நம் கண்ணுக்கு அனுப்பும். அழுத்தினால் அது மேலே போய் ரோலுக்கு வழி விடும். அந்த நொடி நமக்குக் கறுப்பாகத் தெரியும். கண் சிமிட்டுகிற நேரம்தானே என்று நினைத்தேன்.

உங்கள் சின்னம்மாவின் கல்யாணம் கிள்ளானில், கோயில் மண்டபத்தில். முதல் படம் அழுத்தியதுமே திக்கென்றது. பெட்டியில் பிளாஷ் அடிக்கும்போது கண்ணாடியில் முகங்கள் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்துத்தான் படம் விழுந்தது என்று தெரிந்துகொள்வேன். இதில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற உங்கள் மாமாவிடம் கேட்டேன்.

“மச்சான், லைட் அடிச்சுதா?”

“அடிச்சுது மச்சான். என் கண்ணே போச்சு.”

வெளிச்சமும் கறுப்பும் ஒரே நேரத்தில் வருகின்றன என்று இரண்டாவது படத்திலேயே புரிந்தது. புரிந்தும் என்ன, அந்தப் பழைய பிளாஷை நம்ப முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் நான் கேட்பதற்கு முன்பே சுற்றியிருந்தவர்கள் சேர்ந்து, “அடிச்சிருச்சு!” என்று கத்த ஆரம்பித்தார்கள். கல்யாண மாலைக்குள்ளிருந்து உங்கள் சின்னம்மாவும் மெதுவாக, “அடிச்சிருச்சு மாமா,” என்றாள். ஐயர், “அடிச்சாச்சு, கொஞ்சம் நவுருங்க, ஓமம் தெரியல,” என்றார்.

தாலிக்கு நேரம் வந்தது. ஒரு தடவை அடித்தால் அந்தப் பிளாஷ் மறுபடி தயாராகச் சுணங்கும். அதற்குள் முடிச்சு விழுந்துவிடும். எனவே ஒரே படம்தான். மாப்பிள்ளை குனிந்தார். கெட்டி மேளம் முழங்கியது. நாலா பக்கமிருந்தும் மஞ்சள் அரிசி வந்து விழுந்தது. அழுத்தினேன். கறுப்பு.

“லைட் அடிச்சுதா?”

யாருக்கும் கேட்கவில்லை. உங்கள் மாமா இரண்டு கையாலும் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். அவர் தோளைத் தட்டினேன். “பாக்கல மச்சான்,” என்றார். அந்தப் பக்கம் நின்ற ஓர் அக்காவிடம் கேட்டேன். அவரும் பார்க்கவில்லை. எல்லாரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையை மறுபடி மாற்றச் சொல்வோம், மோதிரத்தைக் கழற்றி மறுபடி போடச் சொல்வோம். அதற்கெல்லாம் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. தாலியை இன்னொரு தடவை கட்டுங்கள் என்று சொல்ல எந்த வாய்க்கும் வராது. நான் மீதிப் படங்களை எடுத்தேன். அன்றைக்குப் பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

ரோலைக் கழுவப் போட்டுவிட்டு, படம் வாங்கப் போன அன்று உங்கள் அம்மாவும் கூட வந்தாள். கடையிலேயே நின்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பந்தக்கால், மேளம், ஓமம், அப்புறம் அது. படம் விழுந்திருந்தது. மஞ்சள் அரிசி காற்றில் புள்ளி புள்ளியாக நின்றது. மாப்பிள்ளையின் விரல்கள், சின்னம்மாவின் குனிந்த தலை, எல்லாம் தெளிவு. உங்கள் அம்மா அதை ஓரத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள்.

“தல குனிஞ்சிருக்கா. அதுக்கு முன்னாடி நிமிந்து பாத்தாளா? நான் பின்னால நின்னேன், மொகமே தெரியல. நீங்கதான் நேரா நின்னீங்க.”

“எனக்குத் தெரியாது.”

“என்னாங்க, கண்ணுலயேதானே வச்சிருந்தீங்க?”

“அந்த நேரத்துல கறுப்பாயிடும்.”

அவள் என்னைப் பார்த்தாள். படங்களை உறைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள்.

அந்தக் கேமராவை வைத்துத்தான் இத்தனை வருடம் ஓட்டினேன். அப்புறம் யாரையும் கேட்பதில்லை. கறுப்புத் தெரிந்த நொடிதான் படத்தில் இருக்கும். நான் கண்ணால் பார்த்த நொடி படத்தில் இருக்காது. தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்பும் கொஞ்சம் பின்பும் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கட்டுகிற அந்த நொடியை மட்டும் கடையில் படம் வாங்கும்போதுதான் பார்ப்பேன். குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கேமராவின் அமைப்பு அப்படி.

பெரியவளே, உன் கல்யாணத்துக்குக் காசு கொடுத்து வெளி ஆள் வைத்தேன் என்று உனக்கு வருத்தம். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தாய். கண் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்குக் கையில் அரிசியோடு உனக்கு நேராக நின்றேன். மாப்பிள்ளைக்கு முதல் தடவை முடிச்சு விழவில்லை. நீ கழுத்தை லேசாகச் சாய்த்து அவருக்கு இடம் கொடுத்துவிட்டு, சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாய். ஆல்பத்தில் தேடாதே. படம் எடுத்தவர் கொஞ்சம் பிந்திவிட்டார்.