தலையில்லாத ஜனாதிபதி

நகரத்தை ஒட்டிய இல்-பிசார் தீவில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலைக்கு நான் மூன்று குளிர்காலம் போய்வந்தேன். அவருக்கு மறதி நோய். மகள் விடியவே நகரத்துக்கு வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். நான் நகரத்தில் நாங்கள் குடியிருந்த அஹுன்ட்சிக்கிலிருந்து பஸ் மாறி வந்து சேரும்வரை முதியவர் தனியே இருப்பார். அந்த நேரத்தில் அவர் தூங்குவதே வழக்கம் என்பதால் ஒருவரும் யோசிக்கவில்லை.

அவர்களுடைய சாப்பாட்டு அறையில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியின் எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று தொங்கியது. அந்த மனிதர் உயிரோடு இருந்த நாட்களிலேயே வரைந்ததாம். இவர்களுடைய முன்னோர் அங்கிருந்து எல்லை கடந்து வந்தபோது கூடவே கொண்டுவந்தார்களாம். கறுப்புக் கோட், நரைத்த தலை, இறுக மூடிய வாய். தூசி தட்டவும் அதைத் தொடக்கூடாது என்று மகள் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஒரு மாசி மாதக் காலை, பனிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கோட் இருந்தது, தோள்கள் இருந்தன. தலை இருந்த இடத்தில் ஓட்டை; அதற்குள்ளால் சுவர் தெரிந்தது. கீழே ஏறி நிற்க இழுத்துப்போட்ட கதிரை ஒன்று, அதன்மேல் சமையலறைக் கத்தரிக்கோல். தரையெங்கும் மீன் செதில் போல நிறத்துணுக்குகள்.

கள்ளன் வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். என் கணவருக்குப் போன் அடித்தேன். அவர் துறைமுகத்தில் லொறியோடு வரிசையில் நின்றார்.

"இஞ்சருங்கோ, இஞ்சை ஆரோ பூந்திட்டாங்கள். படத்தின்ரை தலையை வெட்டிக்கொண்டு போட்டாங்கள்."

"தலையையோ? நீ முதல்ல வெளியாலை வா!"

"ஐயா உள்ளுக்கை கிடக்கிறாரப்பா. எப்பிடி விட்டிட்டு வாறது?"

போனைக் காதில் வைத்தபடியே படுக்கை அறைக் கதவைத் தள்ளினேன். முதியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தலையணையில் அந்த முகம் கிடந்தது, கழுத்துவரை போர்வை போர்த்தியபடி. அவர் கையில் கரண்டி. நான் முந்தின நாள் மிச்சம் வைத்த ஓட்ஸ் கஞ்சி ஜனாதிபதியின் உதட்டிலிருந்து நாடிக்கு வழிந்திருந்தது.

"வாயைத் திறக்கிறாரே இல்லை," என்றார் என்னிடம், மிகுந்த கவலையோடு. "எவ்வளவு காலமாக நிற்கிறார். பசிக்காதா?"

கணவர் போனுக்குள், "என்னப்பா, என்ன நடந்தது?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மகளை அழைத்தேன். வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஓட்டையைப் பார்த்தார், படுக்கை அறைக்கு ஓடினார், பிறகு ஒரு கத்தல். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. முதியவர் கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தார், அடி விழப்போகிறது என்பதுபோல. தலையில்லாத படத்தைக் கண்டபோதும் நான் இவ்வளவு பயப்படவில்லை.

மகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும். நடுச்சொல்லில் நிறுத்திவிட்டார்.

"அப்பா, நான் அடிக்கமாட்டேன்," என்றார். "நான் உங்களுக்கு ஒருநாளும் அடித்ததில்லையே."

முதியவர் கையை எடுக்க வெகுநேரமாயிற்று. அதுவரை மகள் கட்டிலடியில் நிலத்திலேயே இருந்தார். நான் ஈரத்துணியோடு வந்து படத்து முகத்தைத் துடைக்கக் குனிந்தேன். நிறமும் சேர்ந்து வந்துவிடும், விடு என்று மகள் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் ஒருவர் பல மாதம் வைத்திருந்து தலையைப் பொருத்திக் கொடுத்தார். வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுந்தால் கழுத்தைச் சுற்றித் தையல் போட்டதுபோல் ஒரு கோடு தெரியும். முதியவர் அதைப் பார்த்து யார் என்று கேட்டார். மகள் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் மகள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். நான் வந்து கோட்டைக் கழற்றி மாட்டிய பிறகுதான் அவர் வேலைக்குப் புறப்படக் கார்த் திறப்பைக் கையில் எடுப்பார்.