ஏலக்காரர் வெர்லினும் இன்சூரன்ஸ் சட்டமும்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் எங்கள் டிரை ஃபோர்க் ஊரில் வெர்லின் காட்விட்ஸ் வாயைத் திறந்தால் மாடு விலை போகும். வியாழக்கிழமை தவறாமல் ஏலக் கொட்டகையின் உயர்ந்த மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, மூச்சு விடாமல் அவர் விலை ஏற்றுவதைக் கேட்கவென்றே ஆட்கள் வருவார்கள். மாடு வாங்கும் யோசனையே இல்லாதவர்கள்கூட உட்கார்ந்து கேட்டுவிட்டு, வாசல் கடையில் ஹாம்பர்கர் தின்றுவிட்டுப் போவார்கள்.

வாய் பாதி என்றால் மீதி கண். எங்கள் மிசௌரி விவசாயி ஏலத்தில் கையைத் தூக்கிக் காட்டமாட்டான். பக்கத்துப் பண்ணைக்காரனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே! ஒருவர் தொப்பி விளிம்பைத் தொடுவார். இன்னொருவர் பல்குச்சியை வாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளுவார். அதுதான் விலை கேட்பது. ஆட்டுப்பண்ணை ராஸ்கோ காதைச் சொறிந்தால் வெறும் அரிப்பு, மூக்கைச் சொறிந்தால் மாடு வேண்டும் என்று அர்த்தம். வெர்லினுக்கு எல்லாம் அத்துப்படி. கண்ணில் பட்ட ஜாடையைக் காணாததுபோல் விட்டுவிட்டு, தனக்கு வேண்டியவனுக்கு மாட்டை முடித்துவிடும் ஏலக்காரனை அவர் திருடன் என்றுதான் சொல்வார். அப்படி ஒருநாளும் அவர் செய்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு கோடையில் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எல்லோரும் மருத்துவ இன்சூரன்ஸ் வாங்கியே ஆகவேண்டும், வாங்காதவன் அபராதம் கட்டவேண்டும் என்று வாஷிங்டனில் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஊரில் பாதிப்பேருக்குக் கோபம்தான். ஆனால் அவர்கள் வரியைப் பற்றியும் டாக்டரைப் பற்றியும் பேசினார்கள். வெர்லினுக்கு அது மானப் பிரச்சினை.

"என் வீட்ட நான் பாத்துக்கத் தெரியாதவன்னு எழுதி வெச்சிருக்கான்யா!" என்று தன் சமையலறை மேசையைத் தட்டினார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எவன் கையையும் எதிர்பார்க்காம குடும்பம் நடத்துறேன். எனக்கு உத்தரவு போட இவன் யாரு?"

அந்த மேசையைச் சுற்றித்தான் எதிர்ப்புக் குழு கூடும். இரும்புக்கடை மார்வா ப்ளைவுட் பலகைகள் கொண்டுவருவாள். ராஸ்கோ அவற்றில் பெயின்டால் எதிர்ப்பு வாசகம் எழுதுவார், பாதி எழுத்து கோணலாக. வெர்லினின் மனைவி நெல்டா காப்பி ஊற்றுவாள், சிந்திய பெயின்டைத் துடைப்பாள், பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நாட்களில் பொழுது விடிவதற்குள் கிளம்பி அதன் சமையலறைக்கு வேலைக்குப் போவாள். "அவளுக்குப் புள்ளைங்கன்னா உசிரு, வீட்ல உக்காரச் சொன்னா கேக்கமாட்டா" என்று வெர்லின் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அதை மனதார நம்பினார், பாவம்.

ஆகஸ்டில், வாஷிங்டனில் அந்தச் சட்டத்தை ஆதரிக்கும் எங்கள் தொகுதிப் பிரதிநிதி டென்ஹாம் மக்களைச் சந்திக்க வருவதாகச் செய்தி வந்தது. பள்ளிக்கூட உள்ளரங்கத் தரைக்கு அப்போதுதான் வார்னிஷ் அடித்திருந்தார்கள், யாரும் கால் வைக்க முடியாது. ஊரில் அத்தனை பேர் உட்கார வேறு இடம் ஏது? ஏலக் கொட்டகைதான். வெர்லினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிரதிநிதியின் முகத்துக்கு நேரே தன் வீட்டைத் தானே பார்த்துக்கொண்ட கதையைச் சொல்லிவிட வேண்டும், அது போதும் அவருக்கு. டிராக்டரில் போகும்போதும் சவரம் செய்யும்போதும் அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

அன்று மதியம் கொட்டகை நிரம்பி வழிந்தது. டென்ஹாம், மாடுகளை ஓட்டிக் காட்டும் மணல் களத்தின் நடுவே பளபளக்கும் காலணியோடு நின்றார். எவ்வளவு கூட்டிப் பெருக்கினாலும் மாட்டு வாடை போகுமா? அவர் "நண்பர்களே" என்றதுதான் தாமதம், நாலாபக்கமும் கத்தல். சட்டம் வேண்டாம் என்று முக்கால்வாசிப் பேர், வேண்டும் என்று ஒரு மூலையில் கொஞ்சம் பேர், இரண்டு பக்கமும் தொண்டை கிழிய. அரை மணி நேரம் ஒரு வாக்கியம் முழுசாக யார் காதிலும் விழவில்லை. கடைசியில் ஷெரிஃப் எழுந்து, "இப்படியே போனா கூட்டத்தக் கலைச்சிடுவேன், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

கலைந்தால் வெர்லினின் பேச்சு என்ன ஆவது! விறுவிறுவென்று மேடையேறினார், மைக்கை எடுத்தார். வியாழக்கிழமைகளில் மாடு நுழையும்போது எப்படி ஆரம்பிப்பாரோ அதே ராகத்தில், "ஏ வாங்க வாங்க வாங்க, யாரு பேசப்போறா, யாரு மொதல்ல, வலது பக்கமா எடது பக்கமா, சொல்லுங்க சொல்லுங்க சொல்லுங்க..." என்று பிடித்தார் ஓர் ஓட்டம்.

கொட்டகை கப்சிப். பழக்கம் அப்படி! அந்தக் குரல் வந்தால் வாயை மூடிக்கொண்டு கவனிக்காதவனுக்கு மாடு கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒருத்தர் பேசணும், மத்தவங்க கேக்கணும்" என்றார் வெர்லின். "யாருக்குப் பேசணும்னு எனக்குத் தெரிஞ்சிடும். கத்தாதீங்க, ஜாடை காட்டுங்க போதும்."

பிறகு கூட்டம் அழகாக நடந்தது. மார்வா எழுந்து, கடையில் வேலை செய்யும் இரண்டு பேருக்கும் இன்சூரன்ஸ் கட்டச் சொன்னால் கடையைத்தான் மூடவேண்டும் என்றாள். சட்டம் வேண்டும் என்ற மூலையிலிருந்து ஒருவர், மகளுக்கு வலிப்பு நோய் என்று எந்தக் கம்பெனியும் இன்சூரன்ஸ் தர மறுப்பதைச் சொன்னார். அதையும் பேசாமல் கேட்டார்கள். மூக்கைச் சொறிந்த ராஸ்கோவை வெர்லின் கூப்பிட, அவர் எழுந்து, "ஐயா, இன்னைக்கு இன்சூரன்ஸ் வாங்குங்கிறீங்க. நாளைக்கு என் ஆட்டுக்கு ஸ்வெட்டர் வாங்குன்னு சட்டம் போடுவீங்களா?" என்றார். டென்ஹாமே சிரித்துவிட்டார்.

தன் முறையை வெர்லின் கடைசிக்கு வைத்திருந்தார். வேறு யாரும் இல்லை என்று ஆனதும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவ்வளவுதானா? அப்போ கடைசியா நான் பேசப்போறேன். அதுக்கு முன்னாடி யாராச்சும்? ஒரு தரம்... ரெண்டு தரம்..."

மேல் வரிசையில் உட்கார்ந்திருந்த நெல்டா, மடியில் இருந்த கைப்பைக்கு மேல் ஒரு விரலை நீட்டினாள்.

வேறு ஒருவரும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மார்வாகூடப் பார்க்கவில்லை. 'மூணு தரம்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை, இத்தனை நாள் மனப்பாடம் செய்ததைக் கொட்டித் தீர்த்துவிடலாம். ஆனால் நெல்டா அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி ஊற்றும்போது இருக்கும் முகம் இல்லை அது. என்ன செய்வார் மனிதர்?

"மேல் வரிசை" என்றார். "என் வீட்டுக்காரி."

கூட்டம் கைதட்டியது. கணவனுக்கு ஒத்து ஊதத்தான் எழுகிறாள் என்று நினைத்தார்கள். நெல்டா எழுந்து, பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு, மைக் வேண்டாம் என்று கையசைத்தாள்.

"இவர் என்ன பேசப்போறார்னு எனக்குத் தெரியும். சவரம் பண்ணும்போது கதவுக்கு வெளியே கேக்குது" என்றாள். சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "எவன் கையையும் எதிர்பார்க்காம குடும்பத்தப் பாத்துக்கறேம்பார். போன வருஷம் இவரோட பித்தப்பைய எடுத்தாங்களே, அதுக்குப் பணம் குடுத்தது எந்த இன்சூரன்ஸ்? பள்ளிக்கூடத்துல எனக்குக் குடுத்தது. அரசாங்கப் பள்ளிக்கூடம், அதையும் சொல்லிடறேன். அந்த இன்சூரன்ஸுக்காகத்தான் பதினாலு வருஷமா அங்க கரண்டி புடிச்சுக்கிட்டு நிக்கறேன். புள்ளைங்க மேல ஆசையில இல்ல. அதுங்க என் மேல பட்டாணிய எறியுதுங்க."

நெல்டா ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"என் முட்டி போயிடுச்சு. நிக்க முடியல. வியாழக்கிழமை இவர் பக்கத்துல உக்காந்து, எந்த மாடு யாருக்கு என்ன விலைக்குப் போச்சுன்னு சீட்டு எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. வேலைய விட்டா இன்சூரன்ஸ் போயிடும், அதான் விடல."

டென்ஹாமின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டடி முன்னால் வந்து, "அம்மா, இதுக்காகத்தான் இந்தச் சட்டமே வருது! உங்களுக்காகத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் இருங்க. நான் உங்களக் கேக்கல" என்றாள் நெல்டா. "எனக்கும் உங்க உத்தரவு வேணாம். நான் அவரத்தான் கேக்கறேன். எவனும் உத்தரவு போடாமலே வீட்டப் பாத்துப்பேன்னு சொல்றியே வெர்லின், எப்போ பாக்கப்போறே?"

கொட்டகை அதிர்ந்தது. சட்டம் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் சேர்ந்து கால்களால் பலகையைத் தட்டினார்கள். வெர்லின் காதுவரை சிவந்துபோய், சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டி, "மூணு தரம். கூட்டம் முடிஞ்சுது" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நெல்டா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போனார்.

"எங்கிட்ட வீட்லயே சொல்லியிருக்கலாமே, நெல்டா."

"சொன்னேன். எத்தனையோ தடவ சொன்னேன். 'ம்'னே. அங்க மேடையில இருக்கும்போதுதான் நீ ஆள நிமிர்ந்து பாக்கறே."

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் காலையிலேயே இன்சூரன்ஸ் ஏஜென்ட் கிளெட்டஸின் அலுவலகத்துக்குப் போய் நின்றார், சேற்று பூட்ஸோடு. கிளெட்டஸ் நல்லவன். "வெர்லின் அண்ணே, அவசரப்படாதீங்க. அந்தச் சட்டம் வந்துச்சுன்னா ஒருவேளை மலிவாக் கிடைக்கும்" என்றான்.

"அதுக்குத்தாண்டா இப்பவே வந்தேன். சட்டம் வந்து வெர்லின் வாங்கினான்னு ஒரு பய சொல்லக்கூடாது."

நெல்டாவின் முட்டி ஏற்கெனவே கெட்டுப்போயிருப்பதால் அதற்கு மட்டும் கம்பெனி பணம் தராது என்றான் கிளெட்டஸ். வெர்லின் எழுந்துவிட்டார். "என்னடா இது! மாட்ட விக்கும்போது காலக் கழிச்சிட்டா விக்கறோம்?" அலுவலகமே கேட்கக் கத்தினார். கம்பெனி அசையவில்லை. சரி, முட்டி வைத்தியத்துக்கு ஆகும் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வருகிற வசந்தத்தில் வாங்க நினைத்திருந்த மீன்பிடிப் படகை அன்றோடு மறந்தார். வழியில் அதைக் கடையில் பார்க்கும்போது மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நெல்டா கரண்டியைக் கீழே வைத்தாள். ஜனவரியின் முதல் வியாழக்கிழமை, மெத்தை போட்ட நாற்காலியில் வெர்லினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதினாள். அன்று அவர் ஏலம் விட்டது வழக்கத்தைவிட மெதுவாக இருந்ததாக ராஸ்கோ சொல்லித் திரிந்தார். எழுதுகிறவளுக்கு நேரம் கொடுத்தாராம்.

மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. அன்றைக்கும் வெர்லின் கோர்ட் வாசலில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குளிருக்கு இருவருக்கும் காப்பி எடுத்துக்கொண்டு நெல்டாவும் வந்து, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊர்ப் பத்திரிகைக்கார இளம்பெண் ஒருத்தி வந்து, "ஐயா, உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. வாங்கியாச்சு."

"அப்புறம் எதுக்கு எதிர்ப்பு? இந்தச் சட்டமும் அதத்தானே சொல்லுது?"

"அது இவ சொல்லி வாங்கினது" என்றார் வெர்லின், நெல்டாவைக் காட்டி. "இவ உத்தரவு போடலாம். வாஷிங்டன் போடக்கூடாது."

பத்திரிகைக்காரி சிரித்துக்கொண்டே எழுதினாள். நெல்டா காப்பிக் கோப்பையை நீட்டி, "பலகையத் தலைகீழாப் புடிச்சிருக்கே, திருப்பு" என்றாள். வெர்லின் திருப்பிப் பிடித்தார்.